ஃபில் லைனட்டை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

இழை தொடங்கியவர், டப்ளின்:

வேலைக்கு வந்த புதிதில் ஒரு மாலை கிராஃப்டன் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஹாரி தெருவுக்குள் திரும்பினால், ஒரு பப் வாசலில் ஆளுயர வெண்கலச் சிலை. ஒல்லி உடம்பு, சுருட்டை முடி, பேஸ் கிட்டார். கம்பிகளுக்கு நடுவே யார் யாரோ கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லைகளை (பிக்) செருகிவிட்டுப் போயிருந்தார்கள். யார் இவர் என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டதுதான் தாமதம், மனிதர் அரை மணி நேரம் விடவில்லை.

தின் லிஸ்ஸி என்ற ஐரிஷ் ராக் குழுவின் பாடகர், பேஸ் கிட்டார் கலைஞர் ஃபில் லைனட். 1949-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அம்மா ஐரிஷ்காரர், அப்பா பிரிட்டிஷ் கயானாவைச் சேர்ந்தவர். வளர்ந்தது டப்ளின் கிரம்லினில், பாட்டி வீட்டில். அந்தக் காலத்து டப்ளினில் கறுப்பு நிறத்தில் ஒரு பையன் என்றால் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். 2005-இல் அதே ஊர் அவருக்குச் சிலை வைத்துவிட்டது.

உங்களுக்கு அவர் எப்படி அறிமுகம்?

பேஸ் வாசிக்கும் உறுப்பினர்:

எல்லோரும் அந்தக் குரலைத்தான் சொல்வார்கள். என்னைப் பிடித்தது அவருடைய வலது கை. பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. லைனட் வரிகளைத் தாளத்துக்கு முன்னேயும் பின்னேயும் இழுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வது போலப் பாடுவார். கீழே பிக்கால் அடிக்கிற பேஸ் இம்மி அசையாது. வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பழகினேன். வாயைத் திறந்தால் இன்னும் கை நின்றுவிடுகிறது.

இத்தனைக்கும் அவர் முதலில் வெறும் பாடகர். ஸ்கிட் ரோ என்ற டப்ளின் குழுவில் (பின்னாளில் வந்த அமெரிக்கக் குழு இல்லை) பாடிக்கொண்டிருந்தார். டான்சில் ஆபரேஷனுக்குப் போய் வருவதற்குள் இடம் பறிபோனது. அவரை வெளியே அனுப்பிய குழுத் தலைவர் பிரஷ் ஷீல்ஸே அப்புறம் பேஸ் வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார்! 1969 கடைசியில் டிரம்ஸ் வாசித்த பிரையன் டவுனி, கிட்டார் வாசித்த எரிக் பெல் ஆகியோரோடு தின் லிஸ்ஸி பிறந்தது.

அவருடைய கறுப்பு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டாரைக் கவனித்திருக்கிறீர்களா? முன்தகடு முழுக்கக் கண்ணாடி. மேடை விளக்கை அதில் வாங்கிக் கூட்டத்தின் மேல் அடிப்பார்.

மூத்த உறுப்பினர், லண்டன்:

அந்த வெளிச்சம் என்ர முகத்திலயும் பட்டது தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்திருந்த காலம். 1983 மார்ச், லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கம். குழு கலையப்போகுது, இதுதான் கடைசிச் சுற்று என்று கூடப் படித்த ஐரிஷ் பெடியன் இழுத்துக்கொண்டு போனான். ரொக் எல்லாம் எனக்கு அப்ப ஒன்றும் விளங்காது. முடிவில் எரிக் பெல், பிரையன் ராபர்ட்சன், கேரி மூர் என்று பழைய கிட்டார்காரர் எல்லாரும் மேடை ஏற, பக்கத்தில் நின்ற பெடியன் அழத் தொடங்கிவிட்டான்.

லைனட்டின் குரல் அன்றைக்கே களைத்துத்தான் கிடந்தது. ஹெராயின். மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை: 1986 ஜனவரி 4, சால்ஸ்பரி ஆஸ்பத்திரி. வயது 36.

நியூ ஜெர்சி உறுப்பினர்:

மன்னிக்கவும், இங்கே அவர்கள் ஒரே ஒரு பாட்டால் தெரிந்தவர்கள். 'தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' பேஸ்பால் மைதானத்தில் ஒலிக்கும், நானும் சேர்ந்து கத்துவேன். பாடியவர் பெயர் இன்றைக்குத்தான் தெரியும்.

பேஸ் வாசிக்கும் உறுப்பினர்:

அதற்கும் காரணம் உண்டு சார். 1976-இல் அந்தப் பாட்டு உங்கள் ஊர்ப் பட்டியலில் 12-ஆம் இடம் வரை போனது. சரியாக அந்த நேரம் பார்த்து லைனட்டுக்கு ஹெப்படைடிஸ். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். பிரிட்டனில் அடுத்தடுத்து ஹிட் வந்தது. அமெரிக்க டாப் 40-க்குள் மறுபடி நுழையவே இல்லை. எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

இழை தொடங்கியவர், டப்ளின்:

சரி, புதிதாகக் கேட்கிறவர் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பேஸ் வாசிக்கும் உறுப்பினர்:

1978-இல் வந்த 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' என்ற மேடை நிகழ்ச்சி ஆல்பம். பிரிட்டனில் 2-ஆம் இடம் பிடித்தது. அதில் எவ்வளவு மேடையில் பதிந்தது, எவ்வளவு ஸ்டூடியோவில் திருத்தியது என்று தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டிக்கும் குழுவினருக்கும் நடந்த சண்டை பிரசித்தம். அதை விடுங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள், லேப்டாப் ஸ்பீக்கரில் பேஸ் எடுபடாது.