சின்ன வயதில் போட்ட ஊசிகளின் பதிவை மீட்பது எப்படி?

எனக்கு வயது 27, புதிதாகச் சேரப்போகும் வேலையில் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள், அம்மா பத்திரமாக வைத்திருந்த அட்டையோ வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. சரி, பொதுச் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கும் என்று நம்பிக் கேட்டால், குழந்தையில் போட்டது மட்டும் அரைகுறையாக இருக்கிறது, 18 வயதுக்கு அப்புறம் போட்ட ஒன்றுகூட ஏறவில்லை. குழந்தையாக இருக்கும்வரை துரத்தித் துரத்திப் பதிகிறார்கள், வளர்ந்ததும் யாரும் கண்டுகொள்வதில்லை போல. டெட்டனஸ் பூஸ்டர் 10 ஆண்டுக்கு ஒருமுறை என்கிறார்கள், கடைசியாகப் போட்ட தேதியே தெரியாதவன் எதிலிருந்து எண்ணுவது?

தட்டம்மைக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்க்கலாம், ஏற்கெனவே எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி) போட்டவர்கள் மறுபடி போட்டுக்கொண்டாலும் பொதுவாகக் கெடுதல் இல்லை என்பது தெரியும். ஆனாலும் இருக்கிற பதிவை மீட்க முடிந்தால் வீணாகக் குத்திக்கொள்ள வேண்டாமே (ஊசி என்றால் எனக்கு இன்னும் பயம்தான்).

பழைய மருத்துவரிடமோ பள்ளிக் கோப்பிலோ இருந்த விவரத்தை வாங்கிப் பதிவேட்டில் பின்னாளில் ஏற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன ஆவணம் கேட்டார்கள்? மருத்துவர் கையெழுத்து இல்லாத பழைய போட்டோவை ஏற்றுக்கொள்வார்களா? அட்டையின் ஒரு பக்கம் மட்டும் அக்காவின் மொபைலில் கிடைத்திருக்கிறது, அதுவும் மங்கலாக.