வாவிக்கரைப் பாதையை அடைத்துவிட்டார்கள், என்ன செய்யலாம்?

வாவிக்கரையான்:
மட்டக்களப்பு புளியந்தீவில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் வாவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. அப்பா வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனதும் அதில்தான். போன மாதம் பக்கத்துக் காணிக்காரர் கம்பிவேலி போட்டுவிட்டார். கரையோரக் கண்டல் மரங்களையும் வெட்டி, கிரவல் மண் கொட்டுகிறார். கேட்டால் "காணி உறுதிப் பத்திரம் இருக்கு" என்கிறார். பதினொரு பேர் கையெழுத்து வைத்து மனு எழுதினோம். யாரிடம் கொடுப்பது என்பதில்தான் இப்போது சண்டை!

தோணிக்காரன்:
தம்பி, முதலில் பாதை யாருடையது என்று பாருங்கள். அரச காணி என்றால் பிரதேச செயலகம். தனியார் காணி என்றால், 10 வருடத்துக்கு மேல் தடையில்லாமல் உரிமையோடு நடந்ததைக் காட்டி நீதிமன்றத்தில் வழியுரிமை கேட்கலாம். வயதானவர்களின் சாட்சி அதற்குத் தேவை. கண்டல் வெட்டுகிற படத்தைத் திகதியோடு எடுத்து வையுங்கள்.

கல்லடி அக்கா:
2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் காணி வரைபடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு வடிகாலுக்காகக் கேட்டபோது, பதிலைவிட அந்தக் கடிதத்துக்குத்தான் அலுவலகம் பயந்தது.

வாவிக்கரையான்:
சரி அக்கா, திங்கள் போகிறேன். எண்பது வயது பெரியம்மா சாட்சி சொல்ல இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டார்.