செவ்வாயின் புள்ளிப் பாறை: உயிர் இருந்ததா, இல்லையா?

வேளச்சேரிவாசி:
ஏழாவது படிக்கும் என் மகன் பிர்லா கோளரங்கம் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரே கேள்வி. "செவ்வாயில் உயிர் இருந்ததாமே, அப்புறம் ஏன்பா யாரும் அதைப் பற்றியே பேசவில்லை?" நாசாவின் செவ்வாய் ஊர்தி பெர்சவரன்ஸ் 2024 ஜூலையில் பார்த்த செயாவா ஃபால்ஸ் பாறையைச் சொல்கிறான். நான் கணக்கு எழுதுகிறவன். 'உயிரின் தடயமாக இருக்கலாம்' என்றால் வரவா, செலவா?

தாம்பரம்75:
1996லும் இப்படித்தான், அண்டார்டிகாவில் கிடைத்த செவ்வாய் விண்கல்லுக்கு அன்றைய அமெரிக்க அதிபர் கிளின்டனே வந்து பேசினார். பிறகு அத்தனைக்கும் உயிரில்லாத விளக்கம் வந்தது. பையனைப் பாடம் படிக்கச் சொல்லுங்கள்.

போர்மண்:
அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது சார். நான் சாயில் டெஸ்ட் செய்கிறவன். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய மனைகளில் போர் இறக்கினால் சில இடங்களில் கன்னங்கரேலென்று களிமண் வரும், அழுகிய முட்டை வாடையோடு. குழாயிலிருந்து தள்ளி வெளியே வைத்தால் மறுநாள் ஓரமெல்லாம் பழுப்பாகிவிடும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் இரும்பையும் சல்பேட்டையும் வைத்துப் பிழைக்கின்றன. அதன் மிச்சம்தான் அந்தக் கறுப்பு, இரும்பு சல்ஃபைடு.

செவ்வாயின் ஜெசீரோ பள்ளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுத்தடத்தில் கிடக்கும் அந்தப் பாறையும் காய்ந்த சேறுதான். சிவப்புக்கு நடுவே வெளிறிய புள்ளிகள், சுற்றிலும் கறுப்பு விளிம்பு, எல்லாம் மில்லிமீட்டர் அளவு. அவற்றில் விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட்டும் கிரெய்கைட் என்ற இரும்பு சல்ஃபைடும் இருப்பதாகத் தெரிகிறது. கூடவே கரிமச் சேர்மங்கள். உயிர் இல்லாமலும் இவை உருவாகும், ஆனால் சல்ஃபைடு அப்படி வர நல்ல சூடு வேண்டும். பாறை அப்படிச் சூடேறியதற்கான அடையாளம் காணோம். 2025 செப்டம்பரில் வந்த கட்டுரை இவ்வளவுதான் சொல்கிறது.

வேளச்சேரிவாசி:
பிறகென்ன, உயிர் என்றே சொல்லிவிடலாமே?

போர்மண்:
ஒருமுறை பெருங்குடியில் இதே கறுப்பு மண் வந்தது. பார்த்ததும் சதுப்புக் களிமண் என்று எழுதப் போனேன். மோந்து பார்த்தால் டீசல்! பக்கத்து ஜெனரேட்டரிலிருந்து கசிந்திருக்கிறது. லேபுக்குப் போகாமல் நிறத்தை வைத்து முடிவு எழுதுவதை அன்றோடு விட்டேன். செவ்வாயில் எடுத்த மாதிரிக்கு 'சஃபையர் கேன்யன்' என்று பெயர். குழாயில் அடைத்தது அடைத்தபடி அங்கேயே இருக்கிறது. பூமிக்குக் கொண்டுவரும் நாசாவின் திட்டமோ செலவு எகிறி, 2026ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நிதி ஆதரவையும் இழந்துவிட்டது. உங்கள் கணக்கில் வரவா செலவா என்று தெரியாததைப் போட்டுவைக்க சஸ்பென்ஸ் என்று ஒரு தலைப்பு உண்டல்லவா, அதில் வையுங்கள்.

வேளச்சேரிவாசி:
இது புரிகிறது! மகனிடம் படித்துக் காட்டினேன். செவ்வாயை விட்டுவிட்டான், அந்த நாற்றக் களிமண்ணைப் பார்க்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது வேலை இருக்கிறதா சார்?

போர்மண்:
இருந்தால் சொல்கிறேன். பழைய சட்டையில் அழைத்து வாருங்கள். அந்தக் கறை லேசில் போகாது.