டிஎஸ்எச் ஏறியிருக்கிறது, ஆனால் தைராய்டு குறைவு என்கிறார்கள், எப்படி?

தாமிரபரணிக்காரன்:

அம்மாவுக்கு வயது 54. மூன்று நான்கு மாதங்களாகவே எதற்கெடுத்தாலும் அசதி, மதியம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார், தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது, எடையும் ஐந்து கிலோ கூடிவிட்டது. பாளையங்கோட்டை வெயிலில் நாங்கள் எல்லாம் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு கிடக்கும்போது அவர் மட்டும் போர்வை கேட்கிறார். மாதவிடாய் நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தோம். போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டிஎஸ்எச் 14.6 (0.4 முதல் 4.0 வரை இருக்கலாமாம்), ஃப்ரீ டி4 0.7 (0.8க்குக் கீழே போகக் கூடாதாம்). டிஎஸ்எச் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'ஹெச்' (அதிகம்) என்று போட்டிருக்கிறது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், "தைராய்டு கம்மியா இருக்கும்மா, காலைல வெறும் வயித்துல 50 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை போடுங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அம்மா ஒரு வாரம் போட்டார். பக்கத்து வீட்டு அத்தை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே ஏறிக் கிடக்கு, அதுக்கு மேல தைராய்டு மாத்திரையையும் போட்டா என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்க, அன்றோடு நிறுத்திவிட்டார். பத்து நாள் ஆகிறது. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை, அத்தை கேட்டதில் நியாயம் இருப்பது மாதிரிதான் இருக்கிறது. டாக்டர் அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாரா? அப்புறம், வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால் உள்ளே இருக்கிற சுரப்பி சோம்பேறி ஆகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பழைய_லேப்காரர்:

தம்பி, டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இருபத்தைந்து வருடம் லேபில் இருந்தேன், இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான், டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரக்கிற ஹார்மோனே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அது சுரப்பது. தைராய்டைப் பார்த்து 'வேலை செய்' என்று சொல்வதுதான் அதன் வேலை. தைராய்டு சுரப்பது டி4, கொஞ்சம் டி3.

ஹோட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் தோசை மாஸ்டர், அவர் தைராய்டு. ஜன்னலோரம் நின்று உள்ளே குரல் கொடுக்கிற சப்ளையர், அவர் பிட்யூட்டரி. கல்லாவில் உட்கார்ந்து சப்ளையரை முடுக்குகிற முதலாளி, மூளையில் பிட்யூட்டரிக்கு மேலே இருக்கிற ஹைப்போதலாமஸ். தோசை ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் சப்ளையர் சாதாரணமாகச் சொல்வார். தோசை வரவில்லை, டேபிளில் ஆட்கள் முறைக்கிறார்கள் என்றால் குரல் உயரும், "அண்ணே ரெண்டு மசால், எவ்ளோ நேரம்!" அந்தச் சத்தத்தைத்தான் லேபில் அளக்கிறோம். அம்மாவுக்குச் சத்தம் 14.6, தட்டில் விழுந்த தோசை 0.7. மாத்திரை என்பது வெளியே வாங்கி வந்த தோசை. டேபிளுக்குப் போய்ச் சேர்ந்ததும் சத்தம் தானாக அடங்கும். ஆக, மாத்திரை போட்டால் டிஎஸ்எச் இறங்குமே தவிர ஏறாது.

தோசையை நேராக எண்ணாமல் ஏன் சத்தத்தை அளக்க வேண்டும் என்று கேட்கலாம். சப்ளையர் ரொம்ப ரோஷக்காரர். டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் நூறு மடங்கு வரை ஏறக்கூடும். அதனால் டி4 இன்னும் எல்லைக்குள்ளேயே இருக்கும்போதே டிஎஸ்எச் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் இரண்டு விதிவிலக்கு உண்டு. பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போய் பிட்யூட்டரியே அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், அங்கே சப்ளையருக்கே தொண்டை கட்டிவிட்டது. டி4 குறைந்திருக்கும், ஆனால் டிஎஸ்எச்சும் ஏறாது. டிஎஸ்எச்சை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று அனுப்பினால் தப்பிப்போகும். இன்னொன்று கிரேவ்ஸ் நோய், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிற நோய். அதில் உடம்பின் எதிர்ப்புப் பொருள் ஒன்று டிஎஸ்எச் போய் ஒட்டுகிற அதே இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. சப்ளையர் வாயே திறக்கவில்லை, வேறு எவனோ அவர் குரலில் ஜன்னலில் நின்று ஆர்டர் கொடுத்துக்கொண்டே இருக்கிறான், மாஸ்டர் நிறுத்தாமல் ஊற்றுகிறார். அம்மாவுக்கு இது இரண்டும் இல்லை. நேரான கேஸ்.

இரண்டாம்_டிகாக்ஷன்:

தம்பி, எனக்கு ஒன்பது வருடமாக இந்த மாத்திரை. முதல் வருடம் முழுக்க நான் பண்ணின கூத்தைச் சொல்கிறேன், அம்மா அதைப் பண்ண வேண்டாம். காலையில் எழுந்ததும் ஃபில்டர் காபி, அந்தக் காபியோடுதான் மாத்திரையும் போகும். வெறும் வயிறுதானே, காபி ஒரு சாப்பாடா என்று என் நினைப்பு. எட்டரைக்கு இட்லியோடு கால்சியம் மாத்திரை வேறு. டிஎஸ்எச் இறங்கவே இல்லை, 50ஐ 75 ஆக்கினார்கள், 75ஐ 100 ஆக்கினார்கள், மாத்திரை டப்பாதான் மாறியது. கடைசியில் ஒரு லேடி டாக்டர், "எழுந்திரிச்சதுலேர்ந்து என்னென்ன வாயில போடறீங்க, வரிசையா சொல்லுங்க" என்று கேட்டார். காபி என்றதுமே சிரித்துவிட்டார். காபி இந்த மாத்திரையைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் இன்னும் மோசம், அதைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விட வேண்டும். இப்போது ஐந்து மணிக்கு வெறும் தண்ணீரில் மாத்திரை, ஆறு மணிக்குக் காபி, கால்சியம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மறுபடி 75க்கே இறங்கி வந்துவிட்டேன்.

ஒரு வாரம் போட்டு அசதி போகவில்லை என்று அம்மா சொல்லியிருப்பார். போகாதுதான். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் எடுக்கும், மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிற சரக்கு. ஒரு அளவில் நிலைத்து நிற்க ஐந்தாறு வாரம் ஆகும், அதனால்தான் ஆறு வாரம் கழித்து மறு டெஸ்ட் எழுதுவார்கள். இடையில் பத்து நாள் விட்டாயிற்று என்றால் அந்த ஆறு வாரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள்.

அப்புறம், முடி கொட்டுகிறது என்றீர்களே, அதற்குக் கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள். பல லேப் மெஷின்களில் அது டெஸ்டையே ஏமாற்றி, தைராய்டு அதிகமாக இருப்பது போலக் காட்டிவிடும்.

தாமிரபரணிக்காரன்:

அக்கா, அம்மாவும் காபியோடுதான் போட்டிருக்கிறார்! இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. பயோட்டின் இல்லை. சார், ஹோட்டல் கதை புரிந்துவிட்டது. ஆனால் வெளியிலிருந்தே தோசை வந்துகொண்டிருந்தால் மாஸ்டர் படுத்துவிட மாட்டாரா?

விலங்கியல்_வாத்தியார்:

படுத்துவிடுவார். உங்கள் பயம் பொய் இல்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

அம்மா வயதில் தைராய்டு குறைவதற்கு நம் ஊரில் பெரும்பாலும் காரணம் ஹஷிமோட்டோ என்கிற நோய். 1912இல் அந்த ஜப்பானிய டாக்டர் விவரித்ததால் அவர் பெயர். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மாஸ்டர் சோம்பேறி இல்லை, அவருக்குக் கையே போய்விட்டது. வெளியிலிருந்து வாங்காமல் விட்டால் எழுந்து வந்து சுடப்போவதில்லை, சப்ளையர் கத்திக் கத்தி ஓய்வார், அவ்வளவுதான். நல்ல தைராய்டு உள்ளவர் தெரியாமல் இந்த மாத்திரையைப் போட்டிருந்தால்கூட, நிறுத்தினால் சில வாரத்தில் சுரப்பி விழித்துக்கொள்ளும்.

சோம்பேறித்தனம் ஆளையே கவிழ்க்கும் இடம் ஒன்று இருக்கிறது, அது ஸ்டீராய்டு. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்கிற ஹார்மோனைச் சுரக்கிறது, ஸ்டீராய்டு மாத்திரை அந்தக் கார்டிசாலின் வேலையைச் செய்கிற சரக்கு. அட்ரினலுக்குக் குரல் கொடுப்பதும் பிட்யூட்டரிதான், ஏசிடிஎச் என்ற ஹார்மோன் மூலம். என் பெரியம்மாவுக்கு மூட்டுவலிக்கு என்று யாரோ பொட்டலத்தில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பெயர் கிடையாது, அட்டை கிடையாது, தினம் ஒன்று. வலி பறந்துவிட்டது, முகம் நிலா மாதிரி உருண்டது, ஊரே உடம்பு தேறிவிட்டது என்றது. எட்டு மாதம் கழித்துக் கொடுத்தவர் ஊரை மாற்றிக்கொண்டு போய்விட்டார், மாத்திரையும் ஒரே நாளில் நின்றது. நான்காம் நாள் வாந்தி, எழுந்து நிற்க முடியவில்லை, பிரஷர் பார்த்த நர்ஸ் மெஷின் கோளாறு என்று நினைத்து இரண்டாம் தடவை பார்த்தார். எட்டு மாதமாக வெளித் தோசை, சப்ளையர் வாய் மூடியிருந்தார், கேட்க ஆளில்லாமல் அட்ரினல் சுருங்கிப்போய்விட்டது. திடீரென்று வெளிச் சரக்கு நின்றபோது உள்ளே கல் ஆறிக் கிடக்கிறது. டிரிப் ஏற்றி, ஊசியில் ஸ்டீராய்டு போட்டுத்தான் மீட்டார்கள், அப்புறம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். நாள்பட ஸ்டீராய்டு போட்டவர்கள் பட்டென்று நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான். உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிற ஜிம் தம்பிகளுக்கு விரை சுருங்குவதும் விந்தணு குறைவதும் இதே கணக்கு.

வெளியிலிருந்து கொடுப்பது புதிய வேலையும் இல்லை. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற டாக்டர், தைராய்டு அறவே குறைந்து உடம்பெல்லாம் ஊதிப்போன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் போட்டார், பின்னால் வாய்வழியாகவே கொடுத்தார். அந்த அம்மாள் 28 வருடம் அதில் வாழ்ந்தார், மொத்தம் 870க்கு மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு ஆயிற்று. நம் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராம், ஒரு சின்ன மாத்திரை, அதிலும் பெரும்பகுதி மாவுதான்.

இயற்கைவழி:

மாத்திரையில் மாட்டினால் ஆயுசுக்கும் விடாது. அயோடின் உப்பை நிறுத்திவிட்டு இந்துப்புக்கு மாறச் சொல்லுங்கள், முட்டைக்கோஸ் கண்ணிலேயே காட்டாதீர்கள், தானாகச் சரியாகும்.

விலங்கியல்_வாத்தியார்:

ஐயா, வேகவைத்த முட்டைக்கோஸ் பொரியல் வாரத்துக்கு இரண்டு நாள் தின்பதால் ஒன்றும் ஆகாது. இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் கலப்பதில்லை. டி4 என்ற பெயரில் உள்ள நாலு, அந்த மூலக்கூறில் இருக்கிற நாலு அயோடின் அணு. நம் ஊர் விதிப்படி அயோடின் உப்பு வீட்டுக்கு வரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தினம் 150 வேண்டும். பத்துக் கிராம் உப்புச் சாப்பிடுகிற வீட்டில் கணக்கு நேராகிவிடும். அது இல்லாத ஊர் எப்படி இருந்தது என்பதற்கு இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கைத்தான் சொல்ல வேண்டும். முன்கழுத்துக் கழலை மண்டிக் கிடந்த இடம், தோசை வராமல் சப்ளையர் கத்த, மாஸ்டர் தோசைக்கு மாவே இல்லாமல் கல்லை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போன கதை. 1956இல் டாக்டர் வி. ராமலிங்கசாமியின் குழு பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தது. அயோடின் போன இடத்தில் கழலை சில வருடத்தில் நன்றாகக் குறைந்தது. ஆனால் தம்பி, ஹஷிமோட்டோவுக்கு அயோடின் மருந்து இல்லை, அதை அள்ளிப் போட்டால் கெடுதல்தான். வழக்கமான உப்பு, வழக்கமான அளவு, போதும்.

தாமிரபரணிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். "அந்த சப்ளையர் கத்துறதுதான் எனக்கு அசதியா?" என்று கேட்டார், இல்லை, தோசை வராததுதான் என்றேன். இன்று காலை ஐந்தரைக்கு மாத்திரை போட்டுவிட்டு, ஆறரை வரை காபி டம்ளரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். இரும்பு மாத்திரையை ராத்திரிக்கு மாற்றியாயிற்று. டாக்டரிடம் போன் பண்ணி இடையில் விட்டதையும் சொல்லிவிட்டேன். காலண்டரில் ஆறாவது வாரத்தில் வட்டம் போட்டிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். அத்தையும் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் முந்தைய தன் ரிப்போர்ட்டை எடுத்து வந்தார். டிஎஸ்எச் 0.02. எனக்குக் குறைவாகத்தானே இருக்கிறது, நல்லது என்று இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லையாம்.

பழைய_லேப்காரர்:

சப்ளையர் வாயே திறக்கவில்லை தம்பி, உள்ளே தோசை குவிந்துகொண்டிருக்கிறது. அத்தைக்குக் கை நடுக்கம், படபடப்பு, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது, இதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், டி3, டி4 இரண்டும் புதிதாகப் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.