பின்சீட் பாடிய கார்: ஃப்யூல் பம்ப் சத்தமும் எங்கள் அனுபவங்களும்

ராத்திரிப்பயணி:

19 வருடப் பழைய கார். பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் ஃப்யூல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும் வகை, பின்சீட்டைத் தூக்கினால் அதன் மூடி தெரியும். ஒரே ஒரு காலை நேரத்தைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

இரண்டு மாதமாக என் மகள் "அப்பா, சீட் பாடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் உட்காரும் இடம் பம்ப்புக்கு நேர் மேலே. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டும் எனக்கு முன்னால் ஒன்றும் கேட்காது. ஒரு தடவை பின்னால் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். மெல்லிய 'ஊய்ய்ங்' ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தது. பழைய வண்டி, சத்தம் வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு நாள் காலை ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். பின்னாலிருந்து அவள் சொன்னாள்: "இன்னைக்கு சீட் பாடலப்பா."

பம்ப்பை மாற்றினேன். மூன்றே வாரத்தில் புது பம்ப்பும் அதே சுருதியில் பாட ஆரம்பித்தது. மறுபடி கழற்றியபோது பம்ப்பின் அடியில் பெட்ரோலை வடிகட்டும் வலை உறை முழுக்கப் பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி அப்பியிருந்தது. முதல் தடவை மெக்கானிக் பழைய வலையைத் துடைத்து, அதையே புது பம்ப்பில் மாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பழைய பம்ப் வயதாகிப் போனதா, மூச்சுத் திணறிப் போனதா என்பது இன்னும் உறுத்துகிறது.

தகரடப்பா:

எனக்கு நடந்தது வேறு. அரை மணி நேரம் ஓடினால் முனகல் தொடங்கும். ஏற்றத்தில் இழுவை குறையும். ஒரு நாள் ஓரங்கட்டி, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்ஸ்' என்று காற்று, அடுத்த நொடி முனகல் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, என் கண் முன்னால். டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருந்தது, அவ்வளவுதான். எல்லோரும் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். அதற்கு முன்னால் பம்ப் வாங்க ஓடாதீர்கள்.

நட்டும்போல்ட்டும்:

தகரடப்பா, உங்கள் வண்டியில் அது சரி. ஆனால் 'புஸ்' சத்தம் வந்தாலே வழி அடைப்பு என்று படிப்பவர்கள் முடிவுகட்டிவிடக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவி அழுத்தம் ஏறி, திறந்ததும் காற்று வெளியே வரும். நல்ல வண்டியிலும் இது உண்டு. உங்களுக்கு நடந்தது தலைகீழ், வெளிக்காற்று உள்ளே போயிருக்கும். டேங்கில் வெற்றிடம் உண்டானால் பம்ப் உறிஞ்சத் திணறி, பெட்ரோலில் ஆவிக்குமிழ்கள் உண்டாகி உடையும். அந்த முனகல் அதனால் வருவது. மூடியைத் திறக்கும்போது காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கவனிக்க வேண்டும். அதோடு, திறப்பது எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் கதை இரண்டே வரி. பம்ப் என்று நினைத்து ஒரு வாரம் அலைந்தேன், கடைசியில் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பேரிங். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்துக் கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலை அழுத்தத்தில் பீச்சியடிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் சாவியை ஆன் செய்தால் பம்ப் சுமார் இரண்டு நொடி ஓடி நிற்கும். எஞ்சின் ஓடாமல் பம்ப்பின் குரலைத் தனியாகக் கேட்க அதுதான் நேரம். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தக் கூடவே ஏறும் சத்தம் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர், பெல்ட், ஸ்டீயரிங் பம்ப் பக்கம். எஞ்சின் வேகம் மாறினாலும் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் நிற்பது ஃப்யூல் பம்ப். அடுத்து மல்டிமீட்டர். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், பம்ப்பின் சொருகியில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிலோ, பம்ப்புக்கு மின்சாரம் தரும் ரிலே சுவிட்சிலோ, வண்டியின் தகரத்தோடு சேரும் எர்த் இணைப்பிலோ கோளாறு. துருப்பிடித்த எர்த் போல்ட் ஒன்று போதும், பம்ப் தளர்ந்து ஓடும். அடுத்தது ஆம்பியர். பல வண்டிகளில் 4 முதல் 8 வரை இழுக்கும். அதைத் தாண்டினால் வெளியேறும் வழியில் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது பம்ப் உள்ளேயே இறுகியிருக்கலாம். கடைசியாகப் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ். இந்த வயது வண்டிகளில் பெரும்பாலும் 3 பார் (அழுத்தத்தின் அலகு) சுற்றி நிற்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். எஞ்சினை நிறுத்திய உடனே முள் சரிந்தால் ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், இன்ஜெக்டர் இவற்றில் ஒன்று கசிகிறது.

ராத்திரிப்பயணி, உங்களுக்கு ஒரு கேள்வி. எப்போதும் ரிசர்வில் ஓட்டுவீர்களா? டேங்குக்குள் இருக்கும் பம்ப்புக்குக் குளிர்ச்சி தருவது பெட்ரோல்தான்.

பழையவண்டி:

புது பம்ப் போட்ட பிறகு சத்தம் கூடியது என்று யாராவது சொன்னால் எனக்கு என் வண்டி நினைவுக்கு வரும். இரண்டு பம்ப் மாற்றினேன். இரண்டிலும் அதே அதிர்வு, தரை வழியாகக் காலில் தெரியும். மூன்றாவது முறை நானே கீழே படுத்துப் பார்த்தேன். பெட்ரோல் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பில் ரப்பரே இல்லை. குழாய் தகரத்தை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட இடத்தில் பெயின்ட் தேய்ந்து, பளபளவென்று ஒரு நெல்மணி அளவு. ரப்பரைச் செருகினேன், தீர்ந்தது. அந்தப் பளபளப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சாவிக்கொத்து:

நட்டும்போல்ட்டும் இவ்வளவு எழுதியும் ஒன்றை விட்டுவிட்டார். டேங்குக்குள் பம்ப்பையும் மேல் மூடியையும் இணைக்கும் சின்ன ஹோஸ். விரல் நீளம்தான் இருக்கும். எனக்கு அதுதான் கழுத்தறுத்தது. பம்ப் மாற்றும்போது புது ஹோஸ் வேண்டும் என்றதும், கையில் இருந்த சாதாரண பெட்ரோல் ஹோஸை வெட்டிப் போட்டார்கள். ஆறு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் டேங்கிலிருந்து உலை கொதிப்பது போலத் தளதளவென்று சத்தம். பம்ப் ஓடுகிறது, ஆம்பியர் சரி, ஆனால் பிரஷர் 1.5 பாரைத் தாண்டவில்லை.

வெளியே எடுத்தேன். அந்த ஹோஸ் ஊறி, உப்பி, கையில் கருப்பாக ஒட்டியது. அழுத்தியதும் நகம் அளவுக்கு ஒரு கீறல் வாயைத் திறந்தது. பம்ப் தள்ளியதில் பாதி அந்தக் கீறல் வழியாகத் திரும்ப டேங்குக்குள்ளேயே பீச்சியடித்திருக்கிறது. சாதாரண ஹோஸ் உள்பக்கம் மட்டும் பெட்ரோலைத் தாங்கச் செய்தது, வெளிப்பக்கமும் மூழ்கிக் கிடக்க அல்ல. மூழ்கிக் கிடப்பதற்கென்றே எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று அச்சடித்த ஹோஸ் இருக்கிறது. அந்த எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

கார்புரேட்டர்காலம்:

எல்லோரும் 'ஊய்ங்' பற்றிப் பேசுகிறீர்கள். என்னுடையது 'டக் டக்'. பழைய பிரிட்டிஷ் கார்களில் வரும் எஸ்யூ என்ற பிராண்ட் மின்பம்ப்பில் டயாஃப்ரம் என்ற சவ்வு ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஒரு தட்டல் கேட்கும். சாவியைப் போட்டால் டக் டக் டக், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டர் நிரம்பியதும் மெளனம். நல்ல பம்ப் அப்படித்தான்.

ஒரு ராத்திரி எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மெளனம். அப்புறம் ஒரு டக். நான்கைந்து நொடி கழித்து இன்னொரு டக். எஞ்சின் குடிக்காதபோது பெட்ரோல் எங்கே போகிறது என்று நினைத்தபோதே உடம்பு சில்லிட்டது. இறங்கி பானெட்டைத் திறந்தேன். நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய கார்புரேட்டரின் மிதவை வால்வு மூடாமல், பெட்ரோல் ஓரமாக வழிந்து எக்ஸாஸ்ட் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி வயரைக் கழற்றிய பிறகுதான் மூச்சு வந்தது. பம்ப்பில் ஒரு குறையும் இல்லை. அந்த டக் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

தகரடப்பா:

நட்டும்போல்ட்டும், நிறுத்திவிட்டுத் திறக்க வேண்டும் என்றது நியாயம். நான் செய்தது தப்புதான். காற்று உள்ளேதான் போனது, நன்றாக நினைவிருக்கிறது, மூடியைத் தூக்க முடியாமல் இழுத்துப் பிடித்தது.

ராத்திரிப்பயணி:

ஆமாம், எப்போதும் ரிசர்வில்தான் ஓட்டினேன். இப்போது கால் டேங்குக்குக் கீழே விடுவதில்லை. டேங்கை இறக்கிக் கழுவி, வலையும் ஃபில்டரும் புதுசு போட்டாயிற்று. சாவிக்கொத்து சொன்ன ஹோஸையும் பார்த்தேன், அச்சு சரியாகவே இருக்கிறது.

மகள் இப்போது ஏறியதும் காதைச் சீட்டில் வைத்துக்கொள்கிறாள். நான் சாவியை ஆன் செய்து காத்திருக்கிறேன். இரண்டு நொடி. "பாடிட்டு நின்னுடுச்சுப்பா" என்று அவள் சொன்ன பிறகுதான் ஸ்டார்ட் செய்கிறேன்.