புதுப்பிப்பு: விரல் தப்பியது, நன்றி சொல்லப் போன கதை

வெறுங்காலோடு மீன் ஏலத்துக்குப் போய், சிப்பி குத்தி, சர்க்கரையால் புண் ஆறாமல் விரலை எடுத்துவிடுவார்களோ என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். எடுக்கவில்லை.

காரணம், கட்டுப் போட்ட செவிலியர். காய்ந்து ஒட்டிய துணியை ஒருநாளும் வெடுக்கென்று இழுத்ததில்லை. சலைன் ஊற்றி, ஊறும்வரை காத்திருப்பார். உலர்ந்ததைப் பிடுங்கினால் புதிதாக வளரும் சதையும் பிய்ந்துவிடுமாம். அதுவரை, “காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலை, அப்பா?” என்று பேச்சுக் கொடுப்பார். (விலை பேசினால் எனக்கு வலி தெரியாது, தொழில் அப்படி.)

நேற்று தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வஞ்சிரத்தோடு போனேன். வாங்க மறுத்துவிட்டார். “முதலில் காலைக் காட்டுங்கள்” என்றார். புதுச் செருப்பைப் பார்த்த பிறகுதான் சிரித்தார்.