பழைய தாரும் பெங்களூரா லோடும்

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர்ப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருப்பதால், 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் சிஆர்டிஇ (காமன் ரெயில்) டீசல் எஞ்சின் கொண்ட 2012 மாடல் மஹிந்திரா தார் ஜீப் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி ஓட்டி வருகிறேன். இவ்வளவு வயதான வண்டியில் பாரம் இழுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எஞ்சின் தாங்கும், தவறான கியரில் இழுத்தால் கிளட்ச் தாங்காது.

சென்ற ஜூன் மாதம், மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய பிக்கப் ஒன்று, இரவு மழையில் ஊறிய தோப்புத் தடத்தில் பின்சக்கரம் அச்சுவரை புதைந்து நின்றுவிட்டது. அவசரத்தில் நான் சாதாரண ஓட்டத்துக்கான ஹை ரேஞ்சிலேயே நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டபடி மூன்று முறை இழுத்தேன். பிக்கப் அசையவில்லை; கருகிய வாடைதான் ஏறியது. "அண்ணா, நிறுத்துங்க, பிளேட்டு எரியுது" என்று அதன் ஓட்டுநர்த் தம்பி கத்திய பிறகே நிறுத்தினேன்.

அரை மணி நேரம் ஆறவிட்டோம். பாதிக் கிரேட்டுகளை இறக்கி, டயர் காற்றை 20 பிஎஸ்ஐக்குக் குறைத்து, கயிற்றை பம்பரில் கட்டாமல் சேஸிஸ் கொக்கியில் மாட்டி, வண்டி நின்ற நிலையில், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சுக்கு மாற்றினேன். அதில் சக்கரத்துக்குச் செல்லும் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடுவதால், கிளட்சை உடனே முழுவதும் விட்டுவிடலாம். தேய்வதற்கு இடமே இல்லை. இந்த எஞ்சினின் முழு முறுக்குவிசையான 247 நியூட்டன் மீட்டர் 1800 ஆர்பிஎம்மை ஒட்டியே கிடைப்பதால், ஆக்சிலேட்டரை மிதித்து அலறவிடவும் தேவையில்லை. கயிறு விறைத்தது, சேறு சளப்பென்று விட்டது, பிக்கப் மேலேறியது.

ஆனால் முதல் மூன்று இழுப்பின் விலையைப் பிறகு கொடுத்தேன். கிருஷ்ணகிரியில் மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கியபோது, கிளட்ச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் முகத்தில் சூட்டால் நீலம் பாய்ந்து, மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. கிளட்ச் செட் முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அதன்பின் ஒட்டுக்கன்றுகள் ஏற்றிய சிறு டிரெய்லருடன் சேலம் செல்ல நேர்ந்தது. டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. தருமபுரியிலிருந்து போகும்போது தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம். லாரிகள் பிரேக் சூடேறித் தவிக்கும் அந்த இடத்தில், சரிவு தொடங்கும் முன்பே மூன்றாம் கியருக்கு இறக்கி, எஞ்சினின் பிடிப்பிலேயே வண்டியை விட்டு, பிரேக்கை அவ்வப்போது மட்டும் அழுத்தினேன். அடிவாரத்தில் ஓரங்கட்டி முன்சக்கரத்தருகே கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.